அத்தியாயம் 6: கரை எவ்வளவு நகர்ந்தது? ட்ரோனைக் கொண்டு கடலரிப்பை அளத்தல்

புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டப்பட்டன. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். தடுப்பு வந்ததும் அதன் தெற்கே மணல் தங்கியது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. நகரத்தின் மணற்கரை போய்க் கருங்கல் குவியல் வந்தது. கல் போட்ட இடம் தப்பியது, அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கும் கல் கொட்டினார்கள். அரிப்பு மேலும் வடக்கே ஏறி, தமிழக எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது.

இது ஒரு ஊர்க் கதை மட்டுமல்ல. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், தமிழகக் கடற்கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பது தெரிந்தது. முப்பது ஆண்டுப் போக்கைச் சொல்லச் செயற்கைக்கோள் போதும். ஆனால் சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்ஸல் தரையில் 10 மீட்டர். லேண்ட்சாட் படத்தில் 30 மீட்டர். போன மாதப் புயலில் ஒரு குப்பத்தின் முன்னால் இருந்த மணல் எவ்வளவு போனது, புதிதாகப் போட்ட கல் வரிசைக்கு வடக்கே என்ன நடக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தப் படங்களில் விடை கிடைக்காது. அங்கேதான் ட்ரோன் வேண்டும்.

ட்ரோனை மேலே ஏற்றிப் படம் எடுப்பது ஒரு மணி நேர வேலை. அந்தப் படத்தை அளவாக மாற்றுவது தரையில் நீங்கள் வைக்கும் குறிகளும், அடுத்த முறையும் அதே விதமாகப் பறக்கும் ஒழுங்கும்தான். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு 1 கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கரைத் துண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரிக் குழுவோ தன்னார்வ அமைப்போ தாராளமாகச் சமாளிக்கக்கூடிய அளவு அது.

1. முதலில் அனுமதி

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 நடைமுறையில் உள்ளன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால் என்று எடையை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். கரை அளக்கப் பயன்படும் ட்ரோன்களில் பெரும்பாலானவை மைக்ரோ வகை. இவற்றுக்குப் பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட விமானி சான்றிதழ் தேவையில்லை என்று விதி சொல்கிறது. சம்பளத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ பறப்பதானால் சான்றிதழ் கட்டாயம்.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சையில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். அதைவிட நெருங்கினால் முன் அனுமதியின்றி ஏற்றவே கூடாது. மேலே சொன்ன பொம்மையார்பாளையம் பகுதியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: லாஸ்பேட்டை விமான நிலையம் அருகில்தான் இருக்கிறது. கடற்படை, அணுமின் நிலையம், துறைமுகம் போன்றவை உள்ள கரைகளில் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைத் திட்டமிடும்போது ஒரு முறையும், பறக்கும் நாள் காலையில் இன்னொரு முறையும் பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்த நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஊரிடம் சொல்லுங்கள்

குப்பத்தில் அளவுக் கருவியோடு யார் வந்தாலும் முதலில் வருவது சந்தேகம்தான். கரையை அளந்தவர்களுக்குப் பின்னால் ரிசார்ட்டோ, சாலையோ, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோ வந்த ஊர்கள் உண்டு. "எதுக்கு சார் அளக்கறீங்க? எங்களைக் காலி பண்ணவா?" என்று ஒரு பெரியவர் கேட்டால், "இல்லீங்க ஐயா, ஆராய்ச்சிக்கு" என்று மழுப்பிவிட்டு நகராதீர்கள். என்ன அளக்கிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், முடிவு யாரிடம் போகும் என்று மூன்றையும் சொல்லுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வாரம் முன்பே பேசி நாளும் நேரமும் முடிவு செய்யுங்கள். அதிகாலையில் கரையை ஒதுங்குமிடமாகப் பயன்படுத்தும் ஊர்களில் அந்த நேரத்தை அவர்கள் சொல்லித் தவிர்ப்பார்கள். மீன் ஏலம் நடக்கும்போது பறக்காதீர்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் பறப்பது ஆபத்து. மீனுக்காக வட்டமிடும் பருந்துகள் ட்ரோனைத் தாக்கவும் செய்யும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். வனத்துறையின் பொரிப்பகம் இருக்கும் கரையில் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸில் அச்சிட்டு ஊருக்கு ஒன்று கொடுங்கள். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்பது வரை தெரியும் படம் அது. பழைய கரை எதுவரை இருந்தது, எந்தக் கோயில், எத்தனை வீடு போயிற்று என்பதை அதன்மேல் விரலை வைத்தே காட்டுவார்கள். உங்கள் தரவில் இல்லாத ஐம்பது ஆண்டு வரலாறு அப்போதுதான் கிடைக்கும்.

3. நாளும் நேரமும்

கரை என்பது நீரும் மணலும் சந்திக்கும் கோடு என்று வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவுள்ள கரையில், கடல்மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 6 மீட்டர் உள்ளே வந்துவிடும். காலை ஒரு படம், மாலை ஒரு படம் எடுத்தால் ஒரே நாளில் 6 மீட்டர் "அரிப்பு" கிடைக்கும்.

ஆகவே வற்றம் இருக்கும் நேரத்தில் பறக்க வேண்டும்; அப்போதுதான் ஈரமான சரிவும் படத்தில் விழும். இந்திய நில அளவைத் துறை ஓத அட்டவணை வெளியிடுகிறது. அலை உயரம் குறித்த முன்னறிவிப்பு இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸிடம் கிடைக்கும். நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அவை சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காலை வெயில் நன்றாக ஏறி, கடல்காற்று வலுப்பதற்கு முன் வற்றம் அமையும் நாட்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சில நாட்களே வரும். ஆண்டுத் தொடக்கத்திலேயே அவற்றை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

பருவமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்து அலைகள் கரையை வெட்டும். தை மாதத்துக்குப் பிறகு மணல் மெல்லத் திரும்பும். நவம்பரையும் ஏப்ரலையும் ஒப்பிட்டு "கரை வளர்கிறது" என்று எழுதிவிடக் கூடாது. பிப்ரவரியை அடுத்த பிப்ரவரியோடு ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு இரு முறை பறக்கத்தான் வசதி என்றால் மழைக்கு முன் செப்டம்பரிலும், மழைக்குப் பின் பிப்ரவரியிலும் பறக்கலாம். பெரும் புயல் வந்தால் அதற்கென ஒரு கூடுதல் பறப்பு.

4. தரைக் குறிகள்

ட்ரோனில் இருக்கும் சாதாரண ஜிபிஎஸ் இடத்தைச் சில மீட்டர் பிழையோடு சொல்லும். உயரத்தில் பிழை இன்னும் கூடுதல். நாம் தேடுவதோ சென்டிமீட்டர் மாற்றம். அதனால் தரையில் பலகைகளை வைத்து, அவற்றின் இடத்தை ஆர்டிகே (உடனுக்குடன் திருத்தம் பெறும் ஜிபிஎஸ்) கருவியால் 2-3 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்து, அந்த எண்களைக் கொண்டு படங்களைக் கட்ட வேண்டும்.

60 சென்டிமீட்டர் சதுர ஃப்ளெக்ஸில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்டால் பலகை தயார். நான்கு மூலையிலும் நீண்ட ஆணி அடித்து, ஓரத்தில் மணல் போடுங்கள். நம் 1 கிலோமீட்டர் துண்டுக்கு 10 தரைக் குறிகளும், படங்களைக் கட்டப் பயன்படுத்தாமல் பிழையைச் சரிபார்க்க மட்டும் தனியாக 5 சோதனைக் குறிகளும் போதும். எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் வைக்காதீர்கள். பாதி நீருக்கு அருகில், பாதி சவுக்குத் தோப்பின் ஓரத்திலோ வீடுகளின் ஓரத்திலோ இருக்கட்டும். இரு முனைகளிலும் கட்டாயம் குறி இருக்க வேண்டும்.

ஈர மணலில் அளக்கும்போது கம்பத்தைக் கவனியுங்கள். அதன் கூர்முனை 3 சென்டிமீட்டர் மணலுக்குள் இறங்கும். அளவு முடிவதற்குள் இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அந்தப் பிழை அப்படியே உங்கள் மணல் கணக்கில் ஏறும். கம்பத்தின் அடியில் தட்டையான உலோக வட்டு மாட்டுங்கள். மட்டக்குமிழி நடுவில் நிற்கிறதா என்று ஒருவர் பார்க்க, இன்னொருவர் பதிவு செய்யட்டும்.

பலகைகளை அன்றே சுருட்டி எடுத்துவிடுவோம். அடுத்த ஆண்டும் அதே தொடக்கத்திலிருந்து அளக்க, நகராத கட்டடங்களில் நிரந்தரக் குறிகள் வேண்டும். மீன் ஏலக்கூடத்தின் தளம், புயல் பாதுகாப்பு மையத்தின் படி போன்ற இடங்களில் உளியால் சிறு சிலுவை செதுக்கி வண்ணம் பூசுங்கள். ஒன்று போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். அரிக்கும் கரையில் ஒன்றைக் கடல் கொண்டுபோகலாம்; புதுப் பூச்சில் மறைந்தும் போகலாம். மூன்றாவது வைத்தாலும் தப்பில்லை.

ட்ரோனிலேயே ஆர்டிகே இருந்தால் தரைக் குறிகளைக் குறைக்கலாம். சோதனைக் குறிகளை மட்டும் விடக் கூடாது.

5. பறப்புத் திட்டம்

ஒரு பிக்ஸல் தரையில் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடலாம்: சென்சாரின் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, லென்சின் குவியத்தூரத்தாலும் படத்தின் அகல பிக்ஸல் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். சென்சார் 13.2 மில்லிமீட்டர், குவியத்தூரம் 8.8 மில்லிமீட்டர், படம் 5,472 பிக்ஸல் அகலம் கொண்ட கேமராவை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால், ஒரு பிக்ஸல் 2.7 சென்டிமீட்டர். ஒரு படம் 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலத்தை உள்ளடக்கும்.

மேடுபள்ளம் கிடைக்க ஒவ்வொரு இடமும் பல படங்களில் விழ வேண்டும். முன்பின்னாக 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு ஓவர்லாப் வையுங்கள். அப்படியானால் 20 மீட்டருக்கு ஒரு படம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 45 மீட்டர். கரைக்கு இணையாக 8 கோடுகள், மொத்தம் சுமார் 400 படங்கள். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 17 நிமிடம், திரும்பல்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பேட்டரி மட்டுமட்டாகப் போதும். இரண்டாவது கையில் இருக்கட்டும். 200 அடி எல்லைக்குள் பறக்க வேண்டிய இடமானால் 60 மீட்டரில் 12 கோடுகள், இரண்டு பேட்டரிகள்.

ஷட்டர் வேகம் 1/1000 வினாடி. அந்த நேரத்துக்குள் ட்ரோன் நகர்வது 0.8 சென்டிமீட்டர்தான், படம் கலங்காது. வெளிச்ச அமைப்பையும் ஃபோக்கஸையும் தானியங்கியில் விடாமல் முதலிலேயே நிலைப்படுத்திவிடுங்கள். வெண்மணலும் இருண்ட கடலும் மாறி மாறி வரும்போது தானியங்கி தடுமாறும்.

கேமரா நேர்க்கீழாக மட்டும் பார்த்து இணைகோடுகளில் பறந்தால், மென்பொருள் சமதரையைக் கவிழ்த்த தட்டு போல வளைத்துக் காட்டும். நடுவில் மேடு, ஓரங்களில் பள்ளம். இதைத் தவிர்க்க, உயரத்தைச் சற்று மாற்றி, கேமராவை 20 பாகை சாய்த்து, குறுக்காகச் சில கோடுகளில் கூடுதலாகப் பறக்கவிடுங்கள்.

கரையில் நிற்கும்போது கவனிக்க வேண்டியவை:

- துண்டின் நடுவில் நில்லுங்கள். இருபுறமும் 500 மீட்டர்; ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்கும்.
- மணலிலிருந்து நேராக ஏற்றாதீர்கள். மோட்டாருக்குள் மணல் போகும். ஒட்டுப்பலகையோ விரிப்போ போடுங்கள்.
- கம்பி கட்டிய கான்கிரீட், படகு இஞ்சின், இரும்புக் குவியல் இவற்றின் அருகில் திசைகாட்டியைச் சரிசெய்யாதீர்கள்.
- ட்ரோன் தானாகத் திரும்பிவரும் (ரிட்டர்ன் டு ஹோம்) உயரத்தைச் சவுக்கு, செல்போன் கோபுரம், உயர்விளக்குக் கம்பம் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள்.
- முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். பேட்டரி குறைந்த நேரத்தில் காற்று உதவியோடு திரும்பலாம். 30 விழுக்காட்டில் இறக்கிவிடுங்கள்.
- முடிந்ததும் உப்பு படிந்த உடலை லேசாக ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள்.

6. கணினியில்

படங்களை ஒன்றுசேர்க்க மெட்டாஷேப், பிக்ஸ்4டி போன்ற கட்டண மென்பொருள்கள் உண்டு. ஓப்பன்ட்ரோன்மேப் இலவசம். 400 படத்துக்கு அதுவே போதும். வரைபட வேலைக்குக் க்யூஜிஐஎஸ், புள்ளித் திரள்களை ஒப்பிடக் க்ளவுட்கம்பேர், இரண்டும் இலவசம். கிடைப்பவை மூன்று: சீரான வரைபடப் படம், உயர வரைபடம், புள்ளித் திரள்.

முதல் முறை பார்ப்பவர்களைத் திகைக்கவைக்கும் ஒன்று உண்டு. உயர வரைபடத்தில் கடற்கரை கடலுக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பதாக எண் வரும். தவறு எதுவும் இல்லை. ஜிபிஎஸ் உயரம், பூமியை ஒரு கணித நீள்கோளமாக வைத்துச் சொல்லப்படுவது. நிஜக் கடல்மட்டமோ புவியீர்ப்பைப் பொறுத்தது; அந்த மட்டத்துக்கு ஜியாய்டு என்று பெயர். இந்தியாவுக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் அங்கே கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 106 மீட்டர் வரை கீழே கிடக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அது. அதன் விளிம்பில்தான் தமிழகக் கரையும் இருக்கிறது. ஜியாய்டு மாதிரியைக் கொண்டு எண்களைக் கடல்மட்ட உயரமாக மாற்றுங்கள். எந்த மாதிரியைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு வேறு மாதிரியைப் போட்டால் கரை முழுவதும் ஒரே அடியாக ஏறியோ இறங்கியோ தெரியும்.

அலை நுரைக்கும் பகுதியை வெட்டி நீக்குங்கள். ஒவ்வொரு படத்திலும் அலை வேறு இடத்தில் இருப்பதால் அங்கே வரும் உயரம் கற்பனை. காற்றடித்து வழவழப்பான மணலிலும் மென்பொருள் திணறும். காலடித் தடங்களும் வலைகளும் கிடக்கும் மணலில் நன்றாக வேலை செய்யும்.

7. இரண்டு பறப்புகளை ஒப்பிடுதல்

நீர்க்கோட்டை விட்டுவிடுங்கள். சராசரிக் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே உள்ள சமவுயரக் கோட்டைக் "கரை" என்று வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே கோட்டை வரையுங்கள். ஏற்றமோ வற்றமோ அதை மாற்றாது.

அடுத்து, புதிய உயர வரைபடத்திலிருந்து பழையதைக் கழியுங்கள். எங்கே மணல் போனது, எங்கே சேர்ந்தது என்று வண்ணத்தில் தெரியும். அதை நம்புவதற்கு முன் பிழையைக் கணக்கிடுங்கள். சோதனைக் குறிகளில் முதல் பறப்பின் உயரப் பிழை 5 சென்டிமீட்டர், இரண்டாவதிலும் 5 என்றால், இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1.96ஆல் பெருக்குங்கள். 14 சென்டிமீட்டர் வரும். ஓரிடத்தில் அதற்குக் குறைந்த மாற்றம் தெரிந்தால் அதை மாற்றம் என்று சொல்லக் கூடாது. அந்தப் பகுதிகளைச் சாம்பல் வண்ணமாக்கிவிடுங்கள்.

கொள்ளளவைச் சொல்லும்போது மக்களுக்குத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். 1 கிலோமீட்டர் நீளம், 40 மீட்டர் அகலக் கரையில் சராசரியாக 30 சென்டிமீட்டர் மணல் போயிருந்தால் அது 12,000 கன மீட்டர். மணல் லாரிக் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 4,200 யூனிட்டுக்கும் மேல். ஊர்க் கூட்டத்தில் அந்த எண் உடனே புரியும். ஆனால் தரைக் குறிகள் எல்லாமே 5 சென்டிமீட்டர் தவறாக இருந்தால், அதே கணக்கில் 700 யூனிட் பொய்யாக வந்து சேரும். கம்பத்தின் அடியில் வட்டு மாட்டச் சொன்னது இதற்காகத்தான்.

8. ட்ரோனால் ஆகாதவை

நீருக்கு அடியில் இருக்கும் மணலை இந்த முறையால் அளக்க முடியாது. புயல் வெட்டிய மணலில் ஒரு பங்கு கரைக்குச் சற்றுத் தள்ளி மணல் திட்டாகக் கிடக்கலாம். பின்னர் அதுவே திரும்பலாம். "மணல் தொலைந்தது" என்று எழுதும் முன் படகிலிருந்து எக்கோ சவுண்டரால் ஆழமும் அளக்கப்பட வேண்டும். முடியாதபோது "நீருக்கு மேலிருந்த கரையில் இவ்வளவு குறைந்தது" என்று மட்டும் எழுதுங்கள்.

காரணத்தையும் ட்ரோன் சொல்லாது. ஒரு கல் வரிசைக்கு வடக்கே அரிப்பு தெரிந்தால் அந்தக் கல்தான் காரணம் என்று தோன்றும். அந்த ஆண்டின் அலை, புயல், ஆற்று முகத்துவாரம், மணல் அள்ளல் எல்லாவற்றையும் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும். கல் போடுவதற்கு முன்பே ஒரு பறப்பு இருந்தால் வாதம் வலுக்கும். உங்கள் கரையில் கட்டுமானம் வரப்போவதாகச் செய்தி வந்தால், வேலை தொடங்கும் முன் முதல் பறப்பை முடித்துவிடுங்கள். அதைப் பின்னால் எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

9. பதிவேடு

ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பக்கம். அடுத்த முறை வருபவர் உங்களைக் கேட்காமலே அதே வேலையைத் திரும்பச் செய்யும்படி எழுதுங்கள்:

1. நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓத மட்டம், காற்று, முந்தைய வாரத்து அலை நிலை
2. ட்ரோன், கேமரா, உயரம், வேகம், ஓவர்லாப், ஷட்டர் வேகம்
3. நிரந்தரக் குறிகளின் புகைப்படமும் அளந்த எண்களும்
4. தரைக் குறிகள், சோதனைக் குறிகள்: எண், இடம், பிழை
5. ஜியாய்டு மாதிரி, மென்பொருளின் பெயரும் பதிப்பும்
6. அனுமதிக் கடிதங்களின் நகல்
7. ஊர்க்காரர்கள் சொன்னவை, சொன்னவரின் சம்மதத்தோடு
8. மூலப் படங்கள் இருக்கும் இரண்டு இடங்கள்

எட்டாவதை அலட்சியப்படுத்த வேண்டாம். மென்பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன. மூலப் படங்களும் குறிகளின் எண்களும் பத்திரமாக இருந்தால், இன்றைய பறப்பைப் பத்தாண்டு கழித்து இன்னும் துல்லியமாகக் கணக்கிடலாம். வண்ண வரைபடம் மட்டும் மிஞ்சினால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.